ஒரே கார், வேறு டயர்

உலக ரேலிப் பந்தயத்தில் ஓடும் ஒரு காரை உருவாக்கப் பொறியியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். அதன் இயந்திரமும் பிரேக்கும் அதிர்வு தாங்கிகளும் நுட்பத்தின் உச்சத்தில் அமைந்தவை. ஆயினும், அந்தக் கார் சாலையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டுமே. ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். இயந்திரத்தின் ஆற்றலும் ஓட்டுநரின் திறமையும் அந்த நான்கு உள்ளங்கை அளவு ரப்பரின் வழியாகவே சாலையைச் சென்றடைகின்றன.

எனவே, அந்த ரப்பரை யார் செய்து தருகிறார்கள் என்பது முக்கியமான கேள்வியாகிறது. பல ஆண்டுகளாக டயர் நிறுவனங்கள் இந்தப் பந்தயத்தில் ஒன்றோடொன்று மோதின. இன்றோ உலக ரேலித் தொடரின் உச்சப் பிரிவில் எல்லாக் கார்களும் ஒரே நிறுவனத்தின் டயரில்தான் ஓடுகின்றன. போட்டிக்குப் பெயர்பெற்ற ஒரு விளையாட்டில் ஒரு போட்டி மட்டும் ஏன் நிறுத்தப்பட்டது? அதனால் கிடைத்தது என்ன? இழந்தது என்ன?

ரேலியும் டயரும்

வட்டப் பாதையில் நடைபெறும் கார் பந்தயத்திலிருந்து ரேலி வேறுபட்டது. ரேலியில் கார்கள் பக்கத்தில் பக்கமாக ஓடுவதில்லை. பொதுச் சாலைகளும் காட்டுப் பாதைகளும் சில மணி நேரத்திற்கு மூடப்பட்டு, ‘கட்டங்கள்’ எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்படும். கார்கள் சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் புறப்படும். ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணை ஓட்டுநர், வரவிருக்கும் வளைவுகளைக் குறிப்பேட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டே வருவார். எல்லாக் கட்டங்களுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்படும். யாருடைய மொத்த நேரம் மிகக் குறைவோ அவரே வெற்றியாளர்.

உலக ரேலித் தொடர் 1973-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஓராண்டுத் தொடருக்குள் ஒரே கார் பலவகை நிலங்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் மான்டி கார்லோ ரேலி பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் நடைபெறும். அடுத்து சுவீடனில் உறைபனி. பின்னர் சரளைக்கல் பாதைகள், தார்ச்சாலைகள், கென்யாவின் புழுதியும் கற்களும் நிறைந்த வெளிகள்.

ஒவ்வொரு நிலத்திற்கும் ஒவ்வொரு வகை டயர் தேவை. தார்ச்சாலையில் 18 அங்குலச் சக்கரமும், சரளைப் பாதையில் அடி தாங்கும் தடித்த டயர் பொருத்திய 15 அங்குலச் சக்கரமும் பயன்படுகின்றன. சுவீடனில் ஓடும் டயர் குறுகலானது. அதில் 380-க்கும் மேற்பட்ட உலோக ஆணிகள் பதிக்கப்பட்டிருக்கும். அகன்ற டயர் பனியின் மேல் மிதந்து வழுக்கும். குறுகிய டயரோ பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கி, அடியில் உறைந்திருக்கும் தரையைப் பற்றிக்கொள்ளும்.

ரப்பர் கலவையும் ஒரே மாதிரியானதன்று. பால்மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரித்தூள், கந்தகம், எண்ணெய் முதலியவற்றை வெவ்வேறு அளவில் சேர்த்துக் கலவை செய்யப்படுகிறது. மென்மையான கலவை சாலையை நன்கு பற்றும். ஆனால் விரைவில் தேய்ந்துவிடும். கடினமான கலவை நெடுநேரம் உழைக்கும். ஆனால் குளிரிலும் ஈரத்திலும் வழுக்கும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மான்டி கார்லோ ரேலியில் இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரியும். மலையடிவாரத்தில் சாலை காய்ந்திருக்கும். உச்சியில் பனிக்கட்டி படர்ந்திருக்கும். இரண்டும் ஒரே கட்டத்திற்குள் வரும். அதனால், கட்டம் தொடங்கும் முன்பே வேறொரு குழு அந்தப் பாதையில் சென்று, பனிக்கட்டி எங்கெங்கே உள்ளது எனக் குறித்துவந்து ஓட்டுநரிடம் கொடுக்கும். அதன் பிறகும் எந்த டயரைப் பொருத்துவது என்பது ஓரளவுக்கு ஊகம்தான். ஊகம் தவறினால், மிகச் சிறந்த ஓட்டுநரும் நிமிடக்கணக்கில் பின்தங்கிவிடுவார்.

போட்டி தந்த நன்மைகள்

இத்தகைய விளையாட்டில் டயர் நிறுவனங்கள் ஆர்வம் காட்டியதில் வியப்பில்லை. பந்தயத்தில் வென்ற டயர் என்றால் கடையில் அதன் மதிப்பு உயரும். அதைவிட முக்கியமாக, ஆய்வுக்கூடத்தில் கண்டறிய முடியாத குறைகளை ஒரே நாளில் காட்டிக்கொடுக்கும் இடமாக ரேலி இருந்தது.

1970-களில் இத்தாலியின் லான்சியா நிறுவனம் ‘ஸ்ட்ராட்டோஸ்’ என்னும் காரை ரேலிக்கென்றே உருவாக்கியது. 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தயாரிப்பாளர்களுக்கான உலகப் பட்டத்தை லான்சியா வென்றது. அந்தக் காரின் ஆற்றலைத் தாங்க, அகலமான, பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் தேவைப்பட்டது. பிரெல்லி நிறுவனம் டயரின் சுற்றளவை ஒட்டி நைலான் பட்டையைச் சுற்றி ‘பி7’ என்னும் புதிய டயரை வடிவமைத்தது. பின்னர் அது பந்தயத்தை விட்டு வெளியே வந்து, போர்ஷே 911 டர்போ போன்ற சாலைக் கார்களிலும் இடம்பெற்றது. இன்று வேகமான கார்களில் காணப்படும் தட்டையான, அகலமான டயர்களின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

மற்றொரு கண்டுபிடிப்பு பஞ்சரைப் பற்றியது. ரேலிக் கட்டத்தின் நடுவில் பஞ்சரானால் பழுதுபார்ப்போர் உதவிக்கு வர முடியாது. ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் இறங்கித் தாங்களே சக்கரத்தை மாற்ற வேண்டும். அதற்குள் ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ போய்விடும். நொடியின் பத்தில் ஒரு பங்கிற்காகப் போராடுபவர்களுக்கு அது பேரிழப்பு. இதைத் தவிர்க்க, டயருக்குள் ‘மூஸ்’ எனப்படும் நுரை வளையம் ஒன்று வைக்கப்பட்டது. காற்று வெளியேறியதும் நுரை விரிந்து இடத்தை நிரப்பும். கார் தொடர்ந்து ஓடும். இத்துறையில் முன்னோடியாக விளங்கியது பிரான்சின் மிச்செலின் நிறுவனம். ஒரு நிறுவனத்தின் கார்கள் பஞ்சரான பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்போது, எதிரணி கைகட்டி நிற்க முடியுமா? அதுவும் அத்தகைய நுரையை உருவாக்க வேண்டியதாயிற்று.

போட்டியின் விலை

நாணயத்திற்கு இரு பக்கங்கள் உண்டு. டயர்ப் போட்டி வளர வளர, அதற்கான செலவும் வளர்ந்தது. ஒவ்வொரு ரேலிக்கும் தனித்தனிக் கலவை, தனித்தனி வடிவம், அவற்றைச் சோதிக்கப் பல நாள் ஓட்டம் எனச் செலவுகள் பெருகின. கட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு டயரின் மேற்பரப்பில் சூடான கத்தியால் கூடுதல் பள்ளங்களை வெட்டித்தரவும் தேர்ந்த பணியாளர்கள் இருந்தனர். பணவசதியுள்ள குழுக்களே இந்த வாய்ப்புகளை முழுமையாகப் பயன்படுத்த முடிந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் எழுந்தது. சுபாரு அணி பிரெல்லி டயரில் ஓடியது. அந்தக் கூட்டணியில் கொலின் மெக்ரே 1995-இலும், ரிச்சர்ட் பர்ன்ஸ் 2001-இலும், பெட்டர் சோல்பர்க் 2003-இலும் உலக வெற்றியாளர் ஆயினர். மிட்சுபிஷி அணி மிச்செலின் டயரில் ஓடியது. அந்தக் கூட்டணியில் டோமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்றார். இவர்கள் அனைவரும் மாபெரும் ஓட்டுநர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு குறிப்பிட்ட ரேலியில் ஒருவர் வென்றது அவருடைய திறமையாலா, காராலா, அன்றைய தட்பவெப்பத்திற்குப் பொருந்திய டயராலா என்று பிரித்துச் சொல்வது கடினமாயிற்று.

இத்தொடரை நடத்தும் அனைத்துலக மோட்டார் வாகனக் கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டில் ஒரு முடிவைச் செயல்படுத்தியது. இனி ஒரே நிறுவனம்தான் எல்லா அணிகளுக்கும் டயர் வழங்கும். பிரெல்லி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே வேளையில் மூஸ் நுரையும் தடை செய்யப்பட்டது. செலவு குறைந்தது, எல்லாரும் ஒரே டயரில் நின்றனர். ஆனால், பஞ்சர் என்னும் பழைய அச்சம் மீண்டும் திரும்பியது. கூரிய கல் ஒன்று மூன்று நாள் உழைப்பை ஒரு நொடியில் வீணாக்கக்கூடிய நிலை மறுபடியும் உருவானது.

ஒரு சிறிய நிறுவனத்தின் முயற்சி

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2011-இல் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. பிரெல்லி விலகியது, மிச்செலின் திரும்பி வந்தது. அதோடு, பிரிட்டனைச் சேர்ந்த ‘டிமேக்’ என்னும் சிறிய நிறுவனமும் உள்ளே நுழைந்தது. நூறாண்டுக்கும் மேற்பட்ட அனுபவமுடைய மிச்செலினை, ரேலி ஆர்வலர்களே பெரிதும் அறிந்திராத ஒரு நிறுவனம் எதிர்கொண்டது. 2011 முதல் 2020 வரை ஓட்டுநருக்கான உலகப் பட்டங்கள் அனைத்தும் மிச்செலின் டயரிலேயே வெல்லப்பட்டன. கதவு திறந்திருந்தாலும் உள்ளே வந்தவர்கள் எல்லாரும் சமமாக நிற்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

எனினும், டிமேக் முயற்சியைக் கைவிடவில்லை. 2016-ஆம் ஆண்டு போலந்து ரேலியில் எஸ்தோனிய நாட்டு ஓட்டுநர் ஒட் தானாக், டிமேக் டயர் பொருத்திய ஃபோர்டு ஃபியஸ்டா காரில் முன்னிலை வகித்தார். கடைசி நாளும் வந்தது; இன்னும் இரண்டே கட்டங்கள். கடைசிக்கு முந்திய கட்டத்தில் அவருடைய டயர் பஞ்சரானது. வெற்றி கைநழுவியது, அவர் இரண்டாமிடம் பெற்றார்.

அடுத்த ஆண்டு அந்த டயர்கள் வேல்ஸ் நாட்டு ஓட்டுநரான எல்ஃபின் எவன்ஸிடம் வந்தன. அவருடைய அணியான எம்-ஸ்போர்ட், அவ்வாண்டில் ஃபியஸ்டா கார்களை மூன்று ஓட்டுநர்களுக்குத் தந்தது. நடப்பு உலக வெற்றியாளரான செபாஸ்தியன் ஓஜியேயும் ஒட் தானாக்கும் மிச்செலின் டயரில் ஓடினர். எவன்ஸ் மட்டும் டிமேக் டயரில் ஓடினார். ஒரே அணி, ஒரே வகைக் கார், வெவ்வேறு டயர். அறிவியல் சோதனையில் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்ப்பதைப் போன்ற அரிய சூழல் அது.

2017 ஏப்ரல் மாதம் அர்ஜென்டினாவில் எவன்ஸ் கடைசிக் கட்டம் தொடங்கும்வரை முன்னிலையில் இருந்தார். முடிவில் பெல்ஜியத்தின் தியெரி நோவில் அவரை 0.7 நொடி வேறுபாட்டில் முந்தினார். நான்கு நாள் பந்தயத்தின் முடிவை, ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சற்றே கூடுதலான நேரம் தீர்மானித்தது.

அக்டோபர் மாதம் வேல்ஸ் ரேலி வந்தது. குளிர்ந்த, சேறு படிந்த காட்டுப் பாதைகள். அங்கே டிமேக் டயர் சேற்றை நன்கு பற்றியது. எவன்ஸ் மற்ற எல்லாரையும் அரை நிமிடத்திற்கும் மேலான வேறுபாட்டில் வென்றார். நோவில் இரண்டாமிடமும், ஓஜியே மூன்றாமிடமும் பெற்றனர். உலக ரேலித் தொடரின் ஒரு சுற்றில் வென்ற முதல் வேல்ஸ் நாட்டவர் என்னும் சிறப்பும் எவன்ஸுக்குக் கிடைத்தது.

இந்த வெற்றிக்கு டயர்தான் காரணமா? அவசரப்பட்டு ஆம் எனக் கூறிவிட முடியாது. எவன்ஸ் வேல்ஸில் பிறந்து வளர்ந்தவர்; அந்த நிலத்தையும் அதன் மழையையும் அறிந்தவர். அதே டயரில் வேறு நாடுகளில் ஓடியபோது அவர் பலமுறை பின்தங்கினார். ஆண்டிறுதியில் ஒட்டுமொத்தப் பட்டியலில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாமிடம். ஓஜியே மீண்டும் உலக வெற்றியாளர் ஆனார். ஆக, ஒரு குறிப்பிட்ட நிலத்திற்குப் பொருந்திய டயரும், அந்த நிலத்தை அறிந்த ஓட்டுநரும் ஒன்றுசேர்ந்தபோது வெற்றி பிறந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

அந்த ஆண்டோடு டிமேக் உலக ரேலித் தொடரின் உச்சப் பிரிவிலிருந்து விலகியது. அடுத்த ஆண்டு எவன்ஸும் மிச்செலின் டயருக்கு மாறினார்.

மீண்டும் ஒரே நிறுவனம்

2021-இல் கதவு இரண்டாம் முறை மூடப்பட்டது. 2021 முதல் 2024 வரை பிரெல்லி மட்டுமே டயர் வழங்கியது. 2025 முதல் 2027 வரையிலான உரிமை தென்கொரியாவின் ஹான்கூக் நிறுவனத்திற்குக் கிடைத்தது. அப்படியானால் டயர் நிறுவனங்களுக்கிடையே போட்டியே இல்லையா? இருக்கிறது; ஆனால் அது இடம் மாறிவிட்டது. முன்பு மலைச்சாலையில் ஒவ்வொரு ரேலியிலும் நடந்த போட்டி, இப்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தப்புள்ளி மேசையில் நடக்கிறது. அங்கே வென்றவருக்கு அடுத்த சில ஆண்டுகளில் சாலையில் எதிரி இல்லை.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்போர் ஒரு வலுவான சான்றைக் காட்டலாம். பிரான்சின் செபாஸ்தியன் லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலகப் பட்டம் வென்றவர். அந்த ஒன்பது ஆண்டுகளில் அவருடைய டயர் மூன்று முறை மாறியது. முதலில் மிச்செலின், பிறகு பி.எஃப். குட்ரிச், பிறகு பிரெல்லி, மீண்டும் மிச்செலின். டயர் மாறியது; வெற்றியாளர் மாறவில்லை. ஓஜியேயும் 2020-இல் மிச்செலின் டயரிலும், 2021-இல் பிரெல்லி டயரிலும் பட்டம் வென்றார். எல்லாருக்கும் ஒரே டயர் தந்தாலும் சிறந்தவர் வெல்லவே செய்வார். அப்போது அந்த வெற்றியை யாரும் ஐயப்பட மாட்டார்கள் என்பது இவர்கள் வாதம்.

எதிர்ப்போர் வேல்ஸை நினைவூட்டலாம். எல்லாருக்கும் ஒரே டயர் என்றிருந்தால், அந்தச் சேற்றில் ஒரு சிறிய நிறுவனம் பெரிய நிறுவனத்தை முந்தியிருக்க முடியாது. போட்டி இல்லாத இடத்தில், இருப்பதைவிட நல்லதைச் செய்தே ஆகவேண்டும் என்னும் நெருக்கடியும் குறையும். பி7 டயரும் மூஸ் நுரையும் அத்தகைய நெருக்கடியில் பிறந்தவையே.

இரு தரப்பினரும் நியாயத்தைப் பற்றியே பேசுகின்றனர். ஆனால், அவர்கள் பேசும் நியாயம் ஒன்றன்று. முதல் தரப்பினர் கேட்பது ஓட்டுநர்களுக்கிடையே சமநிலை. இரண்டாம் தரப்பினர் கேட்பது, டயர் செய்பவர்களுக்குத் திறமையைக் காட்ட ஒரு வாய்ப்பு. ஒன்றை முழுமையாகத் தர, மற்றொன்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2008-இல் மூடி, 2011-இல் திறந்து, 2021-இல் மீண்டும் மூடிய கதவு, இந்தக் கேள்விக்கு ஒருமுறை கூறும் விடை என்றென்றைக்கும் போதுமானதாக இருக்காது என்பதைக் காட்டுகிறது.

அருஞ்சொற்பொருள்

கட்டம் – ரேலியில் நேரம் கணக்கிடப்படும் சாலைப் பகுதி
கலவை – பல பொருள்கள் சேர்ந்த சேர்க்கை
முன்னோடி – பிறருக்கு முன்னே வழிகாட்டியாகச் செல்பவர் அல்லது செல்வது
ஒப்பந்தப்புள்ளி – ஒரு பணியைச் செய்துதரும் உரிமையைப் பெற விலையும் விவரமும் குறித்து அளிக்கும் விண்ணப்பம்

சிந்தித்து விடையளிக

1. சுவீடன் ரேலியில் அகன்ற டயரைவிடக் குறுகிய டயர் ஏன் ஏற்றது?
2. டயர்ப் போட்டியால் சாலைக் கார்களுக்குக் கிடைத்த பயன் ஒன்றைப் பகுதியிலிருந்து எடுத்துக்காட்டி விளக்குக.
3. 2017 வேல்ஸ் ரேலியில் எவன்ஸ் பெற்ற வெற்றிக்கு டயர் மட்டுமே காரணம் என்று கூற முடியாததற்குப் பகுதியில் தரப்பட்டுள்ள காரணங்கள் யாவை?
4. ‘டயர் மாறியது, வெற்றியாளர் மாறவில்லை.’ இக்கூற்று எந்த வாதத்திற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது? அந்தச் சான்று போதுமானதா? உம் கருத்தைக் கூறுக.
5. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் எல்லா மாணவர்களும் ஒரே வகைக் காலணியைத்தான் அணிய வேண்டும் என்று விதி வந்தால், அது நியாயமானதா? குழுவில் கலந்துரையாடி இரு தரப்புக் கருத்துகளையும் பட்டியலிடுக.

செயற்பாடு

மலேசிய ரேலி ஓட்டுநர் கரம்ஜிட் சிங் 2002-ஆம் ஆண்டில் புரோட்டோன் காரை ஓட்டி, உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பிரிவில் வெற்றியாளரானார். அவரைப் பற்றிய தகவல்களைத் திரட்டி, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.